நாற்பத்தேழில் தொடங்கும் ஹவுசி

சஞ்சய் என்று கேட்டால் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் கொஞ்சம் யோசிப்பார்கள். சாஃப்ட்வேர் சஞ்சய் என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் கைகாட்டும். அந்தப் பட்டத்தை அவனாக வைத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். வேண்டாம் என்று ஒருநாளும் அவன் சொன்னதில்லை என்பதும் உண்மை. விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய் அவன் பார்த்த வேலை, ஒரு பெரிய ஆபீசில் பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு கொடுப்பதும், டீ கொட்டிய லேப்டாப்பைத் துடைத்துக் கொடுப்பதும்தான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை மட்டும் ஊர் திரும்பி வீட்டு வாசல் வரும்வரை கழற்ற மாட்டான்.

அப்பா தம்மபாலன் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபோது சஞ்சய் பள்ளிக்கூடத்தில் இருந்தான். எங்கள் வீட்டில் இனி யாரும் கூண்டில் ஏறிக் கீழே இறங்க வேண்டியதில்லை என்று அப்பா சொல்லித் திரிந்தார். பிள்ளைக்கு வேலை கிடைத்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் நீண்டுபோனது. புத்த பூர்ணிமாவுக்குப் பாயசம் வாங்க வருகிறவர்களிடம்கூட மகனின் ஆபீசில் எத்தனை லிஃப்ட் என்று சொல்லாமல் விடமாட்டார். ஒரு மனிதனைப் பொய்யனாக்க அவனுடைய அப்பாவின் பெருமை போதும். சஞ்சய்க்கு அது கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது.

அவர்கள் தெருக்கோடியில் சரோஜம்மா இருந்தார். ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றுக்குப் புடவை ஓரம் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். கணவர் சம்பங்கி, சுரங்க ஆபீசின் கம்ப்யூட்டர் பிரிவில் கிளார்க்காக இருந்து, சுரங்கம் மூடிய சில வருஷத்தில் இறந்துபோனார். பேன்ட் சுருக்கப் போன சஞ்சயிடம் சரோஜம்மா ஒருநாள் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே பழைய ஃபிளாப்பிகள்.

"அவுரு வச்சிக்கினு இருந்தது நைனா. சாப்பாட்டு நேரத்துல கூட ஏதோ எழுதிக்கினே இருப்பாரு. இதுல இன்னா கீதுன்னு பாத்து சொல்றியா?"

சஞ்சய் ஆபீசில் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு ஃபிளாப்பி டிரைவை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். பெரும்பாலானவை செத்துப்போயிருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு புரோகிராம் முழுசாக இருந்தது. சொடுக்கினான். இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று லேப்டாப் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. விண்டோஸ் வருவதற்கு முந்தைய டாஸ் காலத்து ஆள் அது. இப்போதைய கம்ப்யூட்டருக்கு அதன் பாஷை புரியாது.

அவனுக்கும் ரோஷம் வந்தது. எமுலேட்டர் என்று ஒன்று உண்டு. புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதாகப் பாசாங்கு செய்யும் மென்பொருள். பழைய புரோகிராம் அதைத் தன் வீடு என்று நம்பி உட்கார்ந்து வேலை செய்யும். அதை இறக்கி, அதற்குள் சம்பங்கியின் புரோகிராமைத் தட்டினான். திரை நீலமானது. வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹவுசி. எழுதியவர் எம். சம்பங்கி, கம்ப்யூட்டர் பிரிவு. அதற்குக் கீழே, சரோஜாவுக்கும் கிளப் நண்பர்களுக்கும்.

ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கம் சாவகாசமாக நின்றது. எந்த விசையை அழுத்தினாலும் நகரவில்லை. பிறகு தானாகப் போய், தொண்ணூறு கட்டங்கள் உள்ள பலகை வந்தது. விசையைத் தட்டத் தட்ட ஒரு மணியோசையோடு ஒவ்வோர் எண்ணாக மஞ்சளில் எரிந்தது. சுரங்கக் கிளப்பின் கிறிஸ்துமஸ் ஹவுசி ஆட்டத்துக்காக எழுதியிருக்கிறார். அதை ஓட்டிப் பார்க்குமுன் கிளப்பும் போய்விட்டது, சுரங்கமும் போய்விட்டது. சஞ்சய் அதைக் கண்டுபிடித்ததில் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். அப்படியே எழுந்து தெருக்கோடிக்குப் போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அந்த வாரம் சங்கக் கூடத்தில் டென்சில் புலம்பிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே ஹவுசி நடக்கும். ஓர் அட்டையில் பதினைந்து எண்கள். கூப்பிடுகிற எண் உங்கள் அட்டையில் இருந்தால் அதன்மேல் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும். அத்தனை எண்ணும் முதலில் யாருக்கு மூடுகிறதோ அவருக்கு ஃபுல் ஹவுஸ், பெரிய பரிசு. எண்களைக் கூப்பிடுவது டென்சில். எண்பத்தெட்டு வந்தால் டூ ஃபேட் லேடீஸ் என்று அவர் இழுப்பதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. பையில் போட்டுக் குலுக்கும், எண் எழுதிய மரக்காய்களில் சில தொலைந்துபோய்ச் சண்டை வந்திருந்தது.

"போன்ல ஒண்ணு போட்டுப் பாத்தேன் மேன். பாதியில ரம்மி விளம்பரம் வருது. பொம்பளைங்க முன்னால மானம் போச்சி" என்றார் டென்சில்.

சஞ்சய் லேப்டாப்பைத் திறந்து அந்த நீலப் பலகையைக் காட்டினான். பலகை வந்த பிறகுதான் அவர் பக்கம் திருப்பினான் என்பதைக் கவனியுங்கள்.

"சூப்பரா கீதே. நீயே எழுதினதா?"

"ஆமா அங்கிள். ட்ரெயின்ல சும்மா போற டைம்ல."

சொல்லி முடித்த உடனே காது சுட்டது. ஆனால் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எம்புள்ள எழுதினது என்று அவர் எதிர் பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் வார்த்தையைத் திரும்பப் பிடிக்கிற தைரியம் சஞ்சய்க்கு இல்லை.

இப்போது அந்த முதல் பக்கம் தொந்தரவாகிவிட்டது. கூடத்துச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் சம்பங்கி பெயர் ஆளுயரத்துக்கு வந்து நிற்குமே. புரோகிராமைத் திருத்த அவனுக்குத் தெரியாது; சாஃப்ட்வேர் சஞ்சய் என்பது பெயரில்தான். ஆனால் எமுலேட்டரில் ஒரு வசதி இருந்தது. உள்ளே ஓடும் பழைய கம்ப்யூட்டரை எந்த நொடியிலும் அப்படியே உறையவைத்துச் சேமிக்கலாம். மறுபடி திறந்தால் நின்ற இடத்திலிருந்தே ஓடும். அவன் பெயர்ப் பக்கம் போய்ப் பலகை வந்த நொடியில் உறையவைத்தான். இனி எப்போது திறந்தாலும் நேராகப் பலகைதான்.

மறுநாள் சரோஜம்மா தெருவில் நிறுத்தி, டப்பாவில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

"இல்லம்மா. எல்லாம் காளான் புடிச்சிப் போச்சி" என்றான் சஞ்சய். அவர் தலையாட்டிவிட்டு, சிரமப்பட்டதற்காக அவனுக்கு இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டான். தின்னவும் தின்றான்.

முதல் மாதம் கூடமே சுவரைப் பார்த்து வாய்பிளந்தது. ஃபுல் ஹவுஸ் சரோஜம்மாவுக்கு, ஒரு குக்கர். கைதட்டினார்கள். அடுத்த மாதமும் அவருக்கே விழுந்தது, ஹாட்பாக்ஸ். இந்தத் தடவை கைதட்டலில் கொஞ்சம் கேலி இருந்தது. இந்த மிஷினுக்கு நாப்பத்தேழுன்னா உசுரு, எடுத்ததும் அதான் வருது என்று டென்சில் மைக்கில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சஞ்சயும் சிரித்தான்.

மற்றவர்கள் கூடத்தில் கிடக்கும் அட்டைகளில் கைக்கு வந்ததை எடுப்பார்கள். சரோஜம்மாவிடம் மட்டும் கிளப் காலத்திலிருந்து ஒரே அட்டை. ஆட்டம் முடிந்ததும் முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். மூன்றாம் மாதமும் அவரே ஃபுல் ஹவுஸ் என்று கை தூக்கியபோது யாரும் கைதட்டவில்லை. டென்சில் இறங்கிவந்து அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பாதி எண்கள் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை.

"அழிஞ்சிப் போச்சின்னு மேல எழுதினேன்" என்றார் சரோஜம்மா. "இருந்த நம்பரத்தான் எழுதினேன் டென்சில்."

"நீங்க எழுதினத யாரு பாத்தாங்க?" என்றாள் முன்வரிசையில் இருந்த லவினா. "கூப்புட கூப்புட எழுதிக்கினா எங்களுக்கு இன்னா தெரியும்?"

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வீட்டு அட்டை இனிக் கூடாது, கொஞ்ச நாள் ஆட்டத்துக்கும் வரவேண்டாம் என்று டென்சில் தணிந்த குரலில்தான் சொன்னார். அட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் அலமாரியில் வைத்தார். சரோஜம்மா புளியங்கொட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் ரயிலுக்கு ஓடிய சஞ்சய், சங்கக் கூடத்து வாசற்படியில் ஒரு குக்கரைப் பார்த்தான். பக்கத்தில் ஹாட்பாக்ஸ். இரண்டும் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. குக்கரின் அடியில் தீ பட்ட கறுப்பு மட்டும் தேய்த்தும் போகாமல் இருந்தது. அவனுக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் அது இன்னும் வேறு யாருடைய விஷயமாகவோதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் மனைவி நிவேதா சுண்டல் கொட்டும்போது கேட்டாள், "அந்த வெளாட்ட ஒரு தபா போடுங்களேன். நான் நேத்து ஒரு நம்பருக்குத் தவிச்சேன், இப்பவாச்சும் வருதா பாக்கலாம்."

திறந்தான். தட்டினான். நாற்பத்தேழு. பன்னிரண்டு. தொண்ணூறு. மூன்று.

"நில்லுங்க" என்றாள் நிவேதா. "நேத்தும் இதே மாதிரிதான வந்திச்சி? தொண்ணூறு முடிஞ்சி மூணு வந்தப்போ லவினா, ஏணி மேலருந்து கீழ உழுந்துட்ச்சின்னு சொன்னாளே."

சஞ்சய் மூடிவிட்டு மறுபடி திறந்தான். நாற்பத்தேழு, பன்னிரண்டு, தொண்ணூறு, மூன்று. இன்னொரு முறை. அதேதான். சம்பங்கி ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். புரோகிராம் தொடங்கும்போதெல்லாம், அந்தப் பெயர்ப் பக்கம் நிற்கிற நேரத்தில், எண்களைப் புதிதாகக் குலுக்கி வரிசைப்படுத்துகிறது. சஞ்சய் அந்தப் பக்கத்தைத் தாண்டி, குலுக்கி முடிந்த நொடியை உறையவைத்திருந்தான். அதனால் ஒவ்வொரு மாதமும் அதே குலுக்கல், அதே வரிசை. அதே வரிசை வந்தால் மாறாத அட்டை வைத்திருப்பவர்தான் மறுபடி மறுபடி ஜெயிப்பார். ஊரில் மாறாத அட்டை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்.

நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பெயர்ப் பக்கத்தையும் சொன்னான், காளானையும் சொன்னான். கொய்யாப்பழத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவள் சுண்டலை மூடிவைத்தாள்.

"அந்தம்மா கிட்ட எப்போ போறீங்க?" என்றுதான் கடைசியில் கேட்டாள்.

அவன் போகவில்லை. மனிதன் தப்பித்துக்கொள்ள வழி இருக்கும்வரை யோக்கியனாவதைத் தள்ளிப்போடுவான், சஞ்சய் மட்டும் விதிவிலக்கா? நான்காம் மாதம் எல்லோரும் வருவதற்கு முன்பே கூடத்துக்குப் போனான். புரொஜெக்டரைப் போடாமல் புரோகிராமை முதலிலிருந்து தொடங்கினான். பெயர்ப் பக்கம் போகும்வரை திரையைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். ஆட்டம் புதுவரிசையில் நன்றாக நடந்தது. முதல் எண் ஐம்பத்தொன்று. ஃபுல் ஹவுஸ் யாரோ ஒரு பென்ஷன்காரருக்குப் போயிற்று. மிஷின் சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியவும் இல்லை. அவன் பெருமூச்சுவிட்ட நேரத்தில் லவினா சொன்னாள்.

"பாத்தீங்களா, அந்தம்மா இல்லாதப்போ வெளாட்டு எவ்ளோ நேர்மையா நடக்குது."

ஆமாம் ஆமாம் என்றார்கள். சத்தமாக ஆமாம் சொன்னவர் தம்மபாலன். எம்புள்ள மிஷின்ல எவனும் ஏமாத்த முடியாது என்றார். சஞ்சய்க்குக் கூடத்தின் தரை பிளந்து ஏதாவது பழைய சுரங்க ஷாஃப்டுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அதன்பிறகு அவன் ரயிலுக்குச் சுற்றுவழியாகப் போகத் தொடங்கினான், சரோஜம்மா வீட்டைத் தாண்ட வேண்டாமே என்று. ரயிலில் உட்கார்ந்து அந்த உறைந்த நொடியைத் திறப்பான். தட்டுவான். புண்ணை நோண்டுவதுபோல் தினமும் அதே வேலை. வரிசை மனப்பாடமாகிவிட்டது. தண்டவாளச் சத்தமே நாற்பத்தேழு, பன்னிரண்டு என்று கேட்டது. ஜவுளிக்கடைக்காரரும் விஷயம் கேள்விப்பட்டு, சரோஜம்மாவிடம் இப்போது புடவைகளை எண்ணித்தான் கொடுக்கிறார் என்று நிவேதா வந்து சொன்னாள்.

"அவுங்க ஒண்ணும் சொல்லல. நானா பாத்தேன்" என்றாள். "நீங்க சுத்திக்கினு ரயிலுக்குப் போங்க. நான் அவுங்க வூட்டு முன்னாலதான் தண்ணி புடிக்கணும். எனக்கு மூஞ்சி இல்ல."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

ஐந்தாம் மாதம் கூடம் நிறைந்திருந்தது. கடைசி பெஞ்சில் நிவேதா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் சரோஜம்மா. என்ன சொல்லி அழைத்துவந்தாளோ, சரோஜம்மா தலையை நிமிர்த்தாமல் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டென்சில் மைக்கை எடுக்கப் போனார். சஞ்சய் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"அங்கிள், நீங்க லேப்டாப் கிட்ட நில்லுங்க. நான் சொன்ன பொறவு இந்த விசையத் தட்டுங்க" என்றான். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றான்.

"நாப்பத்தேழு."

டென்சில் தட்டினார். சுவரில் நாற்பத்தேழு எரிந்தது. யாரோ சிரித்தார்கள்.

"பன்னண்டு."

பன்னிரண்டு எரிந்தது.

"தொண்ணூறு. மூணு. அறுவத்தாறு. இருவத்தொண்ணு."

அவன் சொல்லச் சொல்ல அவன் தலைக்குப் பின்னால் எண்கள் எரிந்துகொண்டே வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. டென்சில் விசையிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னா மேன் இது?"

"மூணு மாசமும் இதே வரிசைதான் அங்கிள் வந்திச்சி. நான்தான் மிஷின நடுவுல நிறுத்தி வச்சி, அந்த எடத்துலருந்தே தொறந்துகினு இருந்தேன். வரிசை மாறல, அவுங்க அட்டையும் மாறல. அதனாலதான் ஜெயிச்சாங்க. சரோஜம்மா எந்தத் தப்பும் செய்யல. தெரிஞ்சும் போன மாசம் நான் வாயத் தொறக்கல."

"நடுவுல ஏன் நிறுத்தின?"

இதுதான் அவன் பயந்த கேள்வி. லேப்டாப்பிடம் போய், புரோகிராமை முதலிலிருந்து தொடங்கினான். இந்த முறை கையால் மறைக்கவில்லை. சுவர் முழுக்க நீலம் பரவியது. வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் மெல்ல வாய்விட்டுப் படித்தார்கள். தம்மபாலனுக்குப் படிக்க வராது. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், அவர் காதில் சொன்னார். பிறகு தம்மபாலன் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். சஞ்சய் அதைப் பார்த்தான். அடிவாங்கியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இன்னா எழுதிகீது?" என்றார் சரோஜம்மா, கடைசி பெஞ்சிலிருந்து. எழுந்து நின்றிருந்தார். "அவுரு பேருன்னு சொல்றாங்களே. படி நைனா."

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. தமிழில் படித்தான்.

"எழுதியவர் எம். சம்பங்கி, கம்ப்யூட்டர் பிரிவு. சரோஜாவுக்கும் கிளப் நண்பர்களுக்கும்."

பெயர்ப் பக்கம் போய்ப் பலகை வந்தது. டென்சில் அலமாரியைத் திறந்து அந்த அட்டையை எடுத்துவந்தார். குக்கரையும் ஹாட்பாக்ஸையும் லவினாவே சுமந்துகொண்டு வந்தாள். சரோஜம்மா அட்டையை மட்டும் வாங்கி முந்தானையில் சுற்றினார். மற்றதைப் பார்க்கவே இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து சஞ்சய் முன்னால் வந்து நின்றார்.

"அப்போ காளான் புடிக்கல" என்றார்.

"இல்லம்மா."

அவர் அவனைத் திட்டுவார் என்று கூடம் காத்திருந்தது. அவனும் காத்திருந்தான், திட்டினால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் என்று. அவர் திட்டவில்லை.

"மறுபடியும் மொதல்லருந்து போடு" என்றார். "கிட்டப் போயி பாக்கணும். எனக்குக் கண்ணு சரியா தெரியல."

போட்டான். சரோஜம்மா சுவருக்கு மிக அருகில் போய் நின்றார். எழுத்துகளில் பாதி அவர் புடவை முதுகில் விழுந்தன. எது தன் பெயர் என்று கேட்டார். டென்சில் வந்து விரல்வைத்துக் காட்டினார். சரோஜம்மா அந்த இடத்தில் கையை வைத்தார், கைமேலேயே பெயர் விழுந்தது. எந்த விசையை அழுத்தினாலும் அந்தப் பக்கம் நகராது, தானாகப் போனால்தான் உண்டு. சம்பங்கி அப்படித்தான் எழுதியிருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோர் எதிரிலும் சஞ்சய் நின்றுகொண்டிருந்தான்.